கோட்டைமேட்டில் வெட்டிய குழி

ஹெஸ்டர் பியூ கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தாள். சேற்றுக் காலணியைக்கூடக் கழற்றவில்லை.

“என் நிலத்துல இருக்கற பழைய கோட்டைமேட்டை, அரசாங்கம் பாதுகாக்குற இடத்தை, யாரோ ராத்திரியோட ராத்திரியா தோண்டிட்டான். பழி என் தலையில. நாளைக்குத் தொல்லியல் அதிகாரி வர்றாங்க. நான்தான்னு முடிவாச்சுன்னா குத்தகை போச்சு. ஆனா நான் போக மாட்டேன், சொல்லிட்டேன்!”

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் இட்ரிஸ் பீவன் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். “பழி போடுறது யாரு?”

“நிலத்துக்குச் சொந்தக்கார எஸ்டேட்டோட காரியஸ்தன் மார்க்கம். என்னை வெளியேத்த ரொம்ப நாளா வழி தேடுறான்.”

“நீங்க எப்பப் பாத்தீங்க?”

“இன்னைக்கு விடிஞ்சதும். மழையில குழி முழுக்கத் தண்ணி. நேத்து சாயங்காலம் ஆடு ஓட்டிட்டுப் போனப்போ அங்க குழியே இல்ல.”

கடிதம் கொடுக்க வந்து தேநீருக்கு உட்கார்ந்துவிட்ட தபால்காரி ஆல்வென் துள்ளினாள். “புதையலா இருக்குமோ?”

“அங்க என்னடி புதையல்?” என்றாள் ஹெஸ்டர். “தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வேல்ஸுக்குள்ள படையெடுத்து வந்த நார்மன் பிரபு ஒருத்தன் மண்ணையும் மரத்தையும் வச்சுக் கட்டின கோட்டை. மரம் மக்கிப்போச்சு, மண்ணு மிச்சம். ஒரு கல்லுகூடக் கிடையாதுன்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்தாங்களே.”

“நாளைக்கு நானும் வர்றேன்” என்றார் பீவன்.

மறுநாள் மேட்டின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. குழியில் கலங்கல் நீர் விளிம்புவரை நின்றது. மார்க்கம் அதிகாரியிடம் பொரிந்து தள்ளினார்.

“பாருங்க மேடம்! அடியில இருந்த பழைய கற்சுவரையே உடைச்சுட்டா இந்தப் பொம்பளை!”

ஹெஸ்டர் முஷ்டியை மடக்கினாள். பீவன் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“மிஸ்டர் மார்க்கம், குழியை முதல்ல எப்பப் பாத்தீங்க?”

“நேத்து காலையில.”

“அப்பவும் தண்ணி இருந்துச்சா?”

“இதே மாதிரிதான், நிறைஞ்சு கிடந்துச்சு.”

“ஹெஸ்டர், உங்க பம்ப்பைக் கொண்டாங்க.”

பம்ப் இறைத்த நீர் மேட்டைச் சுற்றியிருந்த பழைய அகழிக்குள் இறங்கியது. குழியின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கற்சுவர் தெரிந்தது. இரண்டு கற்கள் புதிதாக உடைந்து வெளுத்திருந்தன. அதிகாரி மண்டியிட்டுவிட்டார்.

“இங்க கல் இருக்குன்னு எங்களுக்கே தெரியாதே!”

“யாருக்குமே தெரியாது” என்றார் பீவன். “விடியறதுக்குள்ள தண்ணி மூடிடுச்சு. அதுக்கு முன்னாடி இதைப் பாத்தவன் தோண்டினவன் மட்டும்தான்.”

மார்க்கத்தின் முகம் வெளிறியது. “நான்... நான் சும்மா ஊகிச்சேன்!”

“சுவர் இருக்கும்னு ஊகிச்சீங்க, சரி” என்று, வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்த ஆல்வென் பாய்ந்தாள். “அது உடைஞ்சதையுமா?”

அதிகாரி எழுந்து, “போலீசுக்குச் சொல்லி அனுப்புறேன்” என்றார்.

மார்க்கம் பல்லைக் கடித்தார். “நான் இல்லேன்னா எஸ்டேட் வேற ஆளை அனுப்பும் ஹெஸ்டர். உன்னை விடாது.”

“அனுப்பட்டும்யா. எங்க வேல்ஸ் ஜனங்களை விரட்டத்தான் அந்தப் பிரபு இதைக் கட்டினான். இப்போ அவன் கோட்டை மேல என் ஆடு மேயுது. நீ எம்மாத்திரம்?”

அவள் நாயைப் பார்த்துச் சீழ்க்கையடித்தாள். மந்தை மேட்டில் ஏறி வந்தது. மார்க்கம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது.