மற்றும் பலர்

வாசற்படிக்கு வெளியே செல்லியின் செருப்பு கிடந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, இடது காலில் வார் அறுந்துபோய் ஊக்கு குத்தியிருக்கும், காரிமங்கலத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. ரோசம்மாள் கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாறு கையிலேயே நின்றுவிட்டது. செல்லி செத்துப்போய்விட்டதாகப் போன மாசம்தான் ரேடியோவில் சொன்னார்கள். அப்படிச் சொல்லவைத்ததே ரோசம்மாள்தான்.

செல்லி சாகவில்லை. அக்கா கல்யாணம், ராகி அறுப்பு என்று வத்தல்மலைக்குப் போயிருந்தாள், அவ்வளவுதான். வந்தால் வரட்டும், ரேடியோக்காரங்க ஏதோ தப்பாச் சொல்லிட்டாங்க என்று சமாளித்துக்கொள்ளலாம். அப்படித்தான் ரோசம்மாள் நினைத்துவைத்திருந்தாள். அப்படியும் அந்தச் செருப்பைத் தொடாமல் சுற்றிலும் கூட்டினாள்.

பால் சொசைட்டியில் கணக்கெழுதுகிற ரோசம்மாளுக்கு முப்பது நெருங்கிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை, அதற்காக அவள் பெரிதாக ஏங்கினதும் இல்லை. அவளுக்கு ரேடியோ இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற அந்த ஸ்டேஷனில் புதன்கிழமை மர்ம நாடகம் போடுவார்கள். கேட்டவர்கள் அதைப் பற்றி எழுதிப் போட்டால் ஞாயிறு சாயங்காலம் நல்ல கடிதம் ஒன்றை முழுசாக வாசிப்பார்கள், இன்னும் சிலருக்குப் பேர் மட்டும், மிச்சமிருக்கிற அத்தனை பேரையும் 'மற்றும் பலர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிவிடுவார்கள். நாகர்கோவிலில் ஒருத்தன், மன்னாரில் ஒருத்தி, கோலார் தங்கவயலில் ஒரு குடும்பம், யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை, பேரை வைத்தே சொந்தமாகிப் போனார்கள். யாராவது செத்துப்போனால் அறிவிப்பாளர் அந்தப் பேரைக் கடைசியாக ஒரு தடவை வாசித்து, மணி ஒன்று அடித்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அதற்கப்புறம் அந்தப் பேரில் கடிதம் வந்தால் வாசிக்க மாட்டார்கள். அது அங்கே வழக்கம்.

காரிமங்கலத்தில் நேயர் மன்றம் தொடங்கியவள் ரோசம்மாள். ரப்பர் ஸ்டாம்ப் செய்துவைத்தவள் அவள். நாடகத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியவள் அவள். வாரா வாரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கடைசியில் என்ன, மற்றும் பலர். செல்லி நேற்று மலையிலிருந்து இறங்கி வந்தவள், அத்தை வீட்டில் தங்கிக் கடலை மில்லுக்குப் போகிறவள். மன்றத்தில் சேர்ந்த கையோடு தபால் கார்டில் அஞ்சு வரி கிறுக்கிப் போட்டாள். 'அந்தக் கெழவன் கதவத் தெறக்கறப்ப எங்க வூட்டு நாயி எந்திரிச்சி உக்காந்துச்சுங்க' என்று. அதை முழுசாக வாசித்தார்கள். அடுத்த வாரமும் அவளுடையதுதான். அப்புறம் அறிவிப்பாளர் 'நம்ம செல்லி' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக ரோசம்மாளிடமே வந்து, செல்லி வீடு எதுங்க என்று கேட்டது. வழி காட்டிவிட்டு உள்ளே வந்த ரோசம்மாளுக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த எரிச்சலில் எழுதியதுதான் அந்தக் கார்டு. எங்கள் உறுப்பினர் செல்லி காய்ச்சலில் காலமானார், செயலாளர். மன்றத்து ஸ்டாம்பைக் குத்தி, ஸ்டேஷனின் மெட்ராஸ் விலாசத்துக்குப் போட்டாள். மலையிலேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம் என்று இங்கே உறுப்பினர்களிடமும் சொல்லிவைத்தாள். ரேடியோவிலேயே வந்தபிறகு யார் மலையேறிப் போய் விசாரிக்கப் போகிறார்கள்.

இன்றைக்குச் செல்லிக்கு அஞ்சலி நிகழ்ச்சி. கேட்பதற்கு உறுப்பினர்கள் வருகிற நேரம்.

அவள் உள்ளே போனாள். கரண்ட் லோவாக இருந்ததால் பல்பு சிவந்து கிடந்தது, பழைய வால்வு ரேடியோ சூடேறும்போது தூசி கருகுகிற வாசனையும், கடலை மில் பக்கமிருந்து காற்றில் வருகிற கடலைத்தோல் வாசனையும், அடுப்பில் அம்மா மிக்கேலம்மாள் கொதிக்கவைத்த டீத்தூள் வாசனையும் கலந்து அறையில் நின்றன, அது அத்தனைக்கும் அடியில் இன்னொரு வாசனை, மழையில் நனைந்து நாள்கணக்கில் கிடந்த ராகித்தாளின் புளித்த வாசனை, மூலையிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. ரேடியோவின் பச்சை வெளிச்சம் விழுகிற இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு செல்லி உட்கார்ந்திருந்தாள். தலை ஈரமாக இருந்தது.

"வந்துட்டேங்கக்கா," என்றாள்.

ரோசம்மாள் பதில் சொல்வதற்குள் தையல்காரர் கஸ்பாரும் டீக்கடை பச்சியப்பனும் பேசிக்கொண்டே நுழைந்தார்கள். இனி மானம் போகப் போகிறது என்று அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். கஸ்பார் நேராக மூலைக்குப் போய் உட்கார்ந்தார். செல்லி காலை இழுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவள் மேலேயே உட்கார்ந்திருப்பார்.

"சின்ன வயசு. பாவம் அந்தப் புள்ள," என்றார் கஸ்பார்.

"நல்லா எழுதும்," என்றார் பச்சியப்பன்.

விளையாடுகிறார்கள் என்று ரோசம்மாள் முதலில் நினைத்தாள். எல்லாம் தெரிந்துபோய் மூன்று பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள். ஆனால் கஸ்பாரின் கண் கலங்கியிருந்தது. அம்மா டீ கொண்டுவந்தாள். கஸ்பாருக்கு ஒன்று, பச்சியப்பனுக்கு ஒன்று, ரோசம்மாளுக்கு ஒன்று. மூலைப் பக்கம் திரும்பாமலே தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். செல்லி நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது.

"பஸ்ஸுல கண்டக்டரு எனக்கு டிக்கெட்டு குடுக்கலைங்கக்கா," என்றாள் செல்லி. குரலைத் தணிக்கக்கூட இல்லை. "அத்த வூட்டுல என் தட்டக் கவுத்து வெச்சிட்டாங்க. மலையில எங்காத்தா என் பக்கத்துலயே உக்காந்து எனக்காக அழுவுது. ரேடியோவுல சொல்லிட்டாங்கல்ல."

ரேடியோ கொர்ரென்று இரைந்து, விலகி, பிறகு தெளிந்தது. அறிவிப்பாளர் தழுதழுத்த குரலில் ஆரம்பித்தார். மன்னார்க்காரி அழுதுகொண்டே எழுதியிருந்தாள். தங்கவயல் குடும்பம் வீட்டில் விளக்கு ஏற்றிவைத்திருக்கிறதாம். ஊர் ஊராகக் கடிதம், எல்லாம் செல்லி, செல்லி, செல்லி. ரோசம்மாள் சுவரை விட்டு நகரவில்லை. பயம்தான். ஆனால் பயத்தையும் முந்திக்கொண்டு அந்தப் பழைய எரிச்சல் கிளம்பி வந்தது, செத்தாலும் இவளுக்குத்தானா, இதிலேயும் இவளுக்குத்தானா என்று.

செல்லி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கண்ணுக்கு மட்டுந்தான் நான் தெரியறேன். என்னப் பாத்து, வாய் உட்டு, ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்புடுங்கக்கா. நீங்க கூப்புட்டா இவங்களும் திரும்பிப் பாப்பாங்க."

ரோசம்மாள் வாயைத் திறந்தாள்.

"இல்லைன்னா இன்னொண்ணு இருக்குதுங்க," என்றாள் செல்லி. "என் பேர்ல போட்டாத்தான் இனிமே வாசிக்க மாட்டாங்களே. அதனால உங்க பேரப் போட்டு ஒரு கார்டு எழுதிட்டேன். இப்ப வரும். வரட்டுங்களா?"

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். இந்த வாரத்தின் சிறந்த கடிதம் என்றார். காரிமங்கலத்திலிருந்து, என்றார்.

செல்லி என்பது சின்னப் பேர்தான். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கஸ்பார் நிமிர்ந்தார், பச்சியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தார், அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் ரோசம்மாள் காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ரோசம்மாள்," என்றது ரேடியோ.

முழுப் பேர். அழுத்தமாக. நிறுத்தி. பிறகு கடிதம், அஞ்சே வரி.

"எம்மவ பேரு," என்று கை தட்டிக்கொண்டு அம்மா ஓடிவந்தாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

மூலைப் பக்கம்.

"ஜெயிச்சிட்ட ரோசம்மா," என்றார் கஸ்பார். மூலையைப் பார்த்துத்தான் சொன்னார். பச்சியப்பன் எழுந்து மூலைக்குப் போய்க் கும்பிட்டார். மூலையில் இருந்தவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா," என்றாள் ரோசம்மாள்.

அவள் குரல் அவளுக்குக் கேட்டது. அவளுக்கு மட்டும்.

"அம்மா. நான் இங்க இருக்கறேன்."

கஸ்பாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் ஈயை ஓட்டுகிற மாதிரி தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவளுடைய டீ கிளாஸ் தரையில் இருந்தது. பச்சியப்பன் அதை எடுத்து மூலையில் கொடுத்தார்.

"செல்லி," என்று கத்தினாள். இப்போது கத்தினாள். பேர் வந்தது. யாரும் திரும்பவில்லை.

அம்மா அவளை நோக்கி வந்தாள். நேராக வந்தாள். கிட்டே வந்தாள். ரோசம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். அம்மா அவள் தலைக்கு மேலே கையை நீட்டி, ஆணியில் தொங்கிய சால்வையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். விடியக்காலையில் ரோசம்மாள் சொசைட்டிக்குப் போர்த்திக்கொண்டு போகிற சால்வை.

"ஏன் ரோசா, ஒடம்பெல்லாம் இப்பிடிச் சில்லுனு கெடக்குது," என்று மூலையில் இருந்தவளுக்கு அதைச் சுற்றிப் போர்த்தினாள். மடியில் சாய்த்துக்கொண்டாள். ஈரத்தலையைக் கோதி, முடிக்குள் சிக்கியிருந்த ராகித்தாளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள். மடியில் கிடந்தவள் கண்ணை மூடாமல் ரோசம்மாளைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்தாள்.

ரேடியோ மிச்சமிருந்த பேர்களை வாசித்துக்கொண்டிருந்தது. நாகர்கோவில். மன்னார். தங்கவயல்.

மற்றும் பலர்.