அரைக்குக் கீழே

பகல் பதினொரு மணிக்குக் குறைமாதக் குழந்தைகள் வார்டின் கணினித் திரையில் ஏழு வரிகள்தான் இருந்தன. காலையில் எட்டு இருந்தது. மருத்துவமனைக்கு நிரல் எழுதும் அவள் இன்னொரு முறை எண்ணினாள். எட்டாவது வரி அவள் தங்கையின் பிள்ளை, எடை 0.49 கிலோ.

நிரலைத் திறந்தாள். இரண்டு தசமம் காட்டும் toFixed போய் Math.round உட்கார்ந்திருந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் அது அரைக்குக் கீழே இருப்பதைப் பூஜ்யமாக்கிவிடும். எடை பூஜ்யமென்றால் படுக்கை காலி என்று திரை அந்த வரியையே தூக்கிவிடும்.

“யாரைக் கேட்டு மாத்துனீங்க?”

“புள்ளி புள்ளியா அசிங்கமா இருந்துதும்மா. முழு எண்ணா இருக்கட்டும்,” என்றார் மேலாளர், திரும்பிப் பார்க்காமலே.

தேதியில் கைவைத்தார், நேரத்தில் கைவைத்தார். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து இப்போது பிள்ளையின் எடைக்கே வந்துவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வார்டுக்கு ஓடினாள். மருந்து நெடியும் இயந்திரங்களின் சன்னமான ரீங்காரமும் நிறைந்த அந்த நீண்ட அறையில், வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள் ஏழு. எட்டாவது நின்ற இடத்தில் வெறும் சுவர். பிள்ளை எங்கே என்று கத்தினாள்.

“எப்பவும் ஏழுதானே மேடம்?” என்றாள் நர்ஸ்.

தங்கை நாற்காலியில் இருந்தாள். மேலாடை பாலில் நனைந்திருந்தது. அதையே குழப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பிள்ளை, அக்கா?”

திரும்பி ஓடினாள். பழையதைத் தேடியெடுக்கப் பொறுமையில்லை. ஆத்திரத்தில் round-ஐ அடித்து ceil என்று எழுதினாள். எவ்வளவு சின்னப் பின்னமானாலும் அது மேல் எண்ணுக்கே ஏற்றிவிடும்.

“இனி எவன் கீழே தள்ளுறான்னு பார்க்கிறேன்!”

திரையில் எட்டு வரிகள். எட்டாவதில் 1.

வார்டு வாசலிலேயே வாடை மாறியிருந்தது. புளித்த பால். ரீங்காரம் இல்லை. சப்பும் சத்தம். எல்லாப் பக்கமும்.

எட்டாவது பெட்டி இருந்தது. பிள்ளை இருந்தது. அரைக் கிலோகூட இல்லாத பிள்ளை.

மீதி?

பிள்ளையின் முதுகோடு இன்னொன்று ஒட்டிக் கிடந்தது. பிள்ளையைவிடச் சற்றே பெரிது. கண் இல்லை. காது இல்லை. வாய் மட்டும். பிள்ளையின் விரல்களை அது சப்பிக்கொண்டிருந்தது.

“சத்தம் போடாதக்கா.” தங்கை சிரித்தபடி மேலாடைப் பொத்தானைக் கழற்றினாள். “முதல்ல பெரியவனுக்குக் குடுத்துடறேன்.”

வாய் விரல்களை விட்டது. தங்கையின் மார்பை நோக்கித் திறந்தது.