கை வைக்காத இடம்

மூன்று வாரமாகக் கொட்டகைக்குள் டிரெய்லர் மேல் நிற்கிற படகிலிருந்து தண்ணீர் சொட்டக் கூடாது. ஆனால் சொட்டியது. ஹெப்பாள் தொழிற்பேட்டையின் மத்தியான மழை தகரக்கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாலும், அதற்கு அடியில் வேறொரு சத்தமாக, நிதானமாக, சிமென்ட் தரையில் விழும் ஒவ்வொரு சொட்டும் அருண்ராஜின் காதில் தனியாகக் கேட்டது. கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தான். ஒழுகவில்லை. குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தான். மழைத் தண்ணீரின் வாசனை இல்லை, அணையின் அடிச்சேற்று நாற்றம்.

பழைய படகு வாங்குகிறவர்களுக்கு அதைச் சோதித்துச் சொல்வது அவன் தொழில். இன்றைக்கு வந்திருந்தவள் ஜீவிதா, கபினி அணைப் பக்கம் விடுதி நடத்துகிறவள். விருந்தாளிகளும் தன் இரண்டு பிள்ளைகளும் போய்வர ஒரு மோட்டார் படகு தேடிக்கொண்டிருந்தாள்.

"மீட்டர்ல ரொம்ப கம்மி நேரம்தான் ஓடியிருக்கு. ஹௌதா அண்ணா, நிஜந்தானா?"

"மீட்டர நம்பாதீங்க மேடம். ஆயிலப் பாக்கோணும். பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி பூந்திருக்குன்னு அர்த்தமுங்க."

ஆயில் சுத்தமாக இருந்தது. பின்பலகையைச் சுத்தியலால் தட்டினான், உளுத்த சத்தம் இல்லை. தண்ணீர்க் குழாயை மாட்டி இஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினான். இனி ஒன்றுதான் பாக்கி. இந்த வகைப் படகில் இஞ்சின் உள்ளே, ப்ரொப்பெல்லர் வெளியே. இரண்டையும் சேர்க்கும் தண்டு, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய்க்குள் போகும். அது கிழிந்தால் படகு மூழ்கும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. இடுக்கில் கையை விட்டு ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கையைத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் விடவில்லை.

இதே படகு. அப்போது வெள்ளை, இப்போது நீலம். மூழ்கியதை எடுத்துப் பெயிண்டை மாற்றியவர்களுக்கு இஞ்சின் நம்பரை மாற்ற முடியவில்லை. காலையில் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தான். முதல் தடவை சோதித்த அன்றைக்கு ஒரு கல்யாண வரவேற்புக்குப் புதுச்சட்டை போட்டு வந்திருந்தான். கிரீஸ் பட்டால் போகாதாம். சட்டையைக் காப்பாற்றிய மகராசன், தொடாமலே 'பார்த்தாயிற்று' என்று எழுதிக் கொடுத்தான். வாங்கிய சென்னப்பன் பத்தாம் நாள் படகோடு அணைத் தண்ணீருக்குள் போனார். லைஃப் ஜாக்கெட் போடாததுதான் காரணம் என்று ஊரே சொன்னது. இவனும் கூடச் சேர்ந்து சொன்னான். துக்கம் கேட்கப் போன இடத்தில் அவர் மனைவி கமலம்மாள், "நீ எல்லாத்தையும் கையால தொட்டுத்தான பாத்த தம்பி?" என்று கேட்டார். இவன் தலையாட்டினான். படுத்தால் முதலில் அந்தத் தலையாட்டல்தான் நினைவுக்கு வரும். வெட்கமாக இருக்கும். அழக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றும்.

"நான் மேல ஏறி உள்ள ஒருவாட்டி பாக்கட்டுமா?" என்றாள் ஜீவிதா.

"பாருங்க மேடம். இங்க கீழ ஒரு வேல இருக்குதுங்க."

ரப்பர் கிழிந்திருக்கிறது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவிடலாம். ஆனால் அதையும் தொடாமல் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, படகின் பின்னால் மண்டியிட்டு, ப்ரொப்பெல்லர் பகுதிக்கும் பின்பலகைக்கும் நடுவே இருந்த இருட்டு இடுக்கில் வலது கையை நுழைத்தான்.

முதல் மடிப்பு. சில்லென்றிருந்தது. கிழிசல் இல்லை.

இரண்டாவது. மூன்றாவது.

நாலாவதில் ரப்பர் அசைந்தது. உள்ளேயிருந்து.

ஒரு விரல்நுனி. பக்கத்தில் இன்னொன்று. ஐந்தும். ரப்பருக்கு அந்தப்புறமிருந்து அவன் விரல்களைத் தேடி, ஒவ்வொன்றோடும் பொருந்தி நின்றன.

கையை இழுத்தான். வரவில்லை. நாலாவது மடிப்பு கிழிந்துதான் இருந்தது. அதன் வழியாக வந்த விரல்கள் ஈரமாக இருந்தன. ஊறி உப்பியிருந்தன.

"மேடம்! வாங்காதீங்க!" என்று கத்தினான். "அன்னைக்கு நான் கையே வெக்கலீங்க. சென்னப்பனக் கொன்னது நான்தானுங்க!"

சொல்லிவிட்டால் விட்டுவிடும் என்று நினைத்தான். விடவில்லை.

மேலே இஞ்சின் மூடியைத் தூக்கும் சத்தம் கேட்டது.

"மழைல ஒண்ணும் கேக்கல அண்ணா," என்றாள் ஜீவிதா. அப்புறம், சாதாரணமாக, "இஞ்சினுக்குப் பின்னாடி ஒருத்தர் குப்புறப் படுத்து அந்த ரப்பருக்குள்ள கைய விட்டுட்டிருக்காரே. உங்க ஆளா?"

விரல்கள் அவனை நசுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நகக்கண்ணைத் தொட்டுப் பார்த்தன. கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தன. மணிக்கட்டைச் சுற்றித் தடவின. எந்த அவசரமும் இல்லாமல், ஓரிடத்தையும் விடாமல், சோதித்துக்கொண்டே முழங்கையைத் தாண்டி மேலே வந்தன.