நாலாவது நாற்காலி

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிந்தது, குளிர் கணுக்காலில் பட்டது, பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தால் மோட்டார் நடுங்குவதும் தெரிந்தது. அதன் உறுமல் மட்டும் இல்லை. வாங்கிய நாளிலிருந்தே, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் பெரியப்பாவைப் போலக் குறட்டை விடுகிற ஃபிரிட்ஜ் அது. "இதுக்குத் தனியா ஒரு ரூம் கட்டிப் படுக்க வச்சிருக்கலாம்" என்று அவள் கணவன் அப்போது சொல்லிச் சிரித்திருக்கிறான்.

காதுதான் அடைத்துக்கொண்டதோ என்று அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். குழாய் வாளிக்குள் சொட்டுவது கேட்டது. கூடத்துக் கடிகாரம் கேட்டது. தன் செருப்பு தரையில் உரசுவதும் கேட்டது. மற்றவர்களுக்குக் கண் எப்படியோ அப்படி அவளுக்குக் காது. நாளெல்லாம் ஒலிப்பதிவுகளில் பிறர் குரலில் இருக்கும் இருமலையும் எச்சில் விழுங்கலையும் வெட்டியெடுப்பதுதான் பிழைப்பு. கணவன் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே பாம்புக்காது.

அவன் சாப்பாட்டு மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து யாருடைய வீட்டுக்கோ வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். "ஏங்க, ஃபிரிட்ஜ் சத்தமே இல்ல பாத்தீங்களா?" என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். அவன் பேசட்டுமே முதலில்.

ஐந்தாறு நாளாக இப்படித்தான். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டியவன் வேலை மும்முரத்தில் மறந்துபோனான். குழந்தை பூட்டிய கேட்டுக்கு வெளியே மழையில் தெப்பமாக நனைந்து நின்றது. அன்று ராத்திரியே காய்ச்சல், மூக்கடைப்பு. அவன் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். அதற்குள் அவள் வார்த்தையைக் கொட்டிவிட்டாள்.

"நீங்க இந்த வீட்ல இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

"அப்ப இல்லைன்னே நினைச்சுக்கோ."

அத்தோடு முடிந்தது பேச்சு. சாப்பாடு தயார் என்பதிலிருந்து சாவி எங்கே என்பதுவரை எல்லாம் மகள் வழியாகத்தான் போய் வந்தது. "நான் என்ன, வீட்டுக்குள்ளயே ஓடற தபால்காரியா?" என்று அடைத்த மூக்கோடு அது கேட்டபோது இருவருக்குமே சிரிப்பு வந்தது, இருவருமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வெறும் கோபமாக இருந்தால் இதற்குள் ஆறியிருக்கும். இது சூடாகவே இல்லை. ராத்திரி மகள் பக்கத்தில் படுத்து, ஒவ்வொரு மூச்சின் நுனியிலும் அந்தச் சின்ன மூக்கில் எழும் மெல்லிய விசிலைக் கேட்டபடி, அவள் அந்த விரோதத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள். அதில் ஒரு சுகம் இருந்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வேலை செய்யும் அறை முன்பு தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையாக இருந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தையும் கம்பளியும் அடித்திருந்ததால் உள்ளே எப்போதும் தூசியும் பஞ்சும் கலந்த வாசனை. ஒரு வயதான கவிஞர் தன் குரலிலேயே வாசித்த நெடுங்கவிதை இப்போது கையில் இருந்தது. உலகம் முடிவதைப் பற்றியது. சாயங்காலத்துக்குள் பதிப்பகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

*முதலில் வந்தவன் தாகம் என்றான், ஆறுகளைக் கொடுத்தோம்.*
*அடுத்து வந்தவன் குளிர்கிறது என்றான், காடுகளைக் கொடுத்தோம்.*
*மூன்றாமவன் ஒன்றும் கேட்கவில்லை.*
*உட்கார இடம் கொடுத்தோம்.*

முதல் விருந்தாளி பேராசை, இரண்டாமவன் கோபம், மூன்றாமவன் வெறுப்பு என்று கவிஞரே போனில் விளக்கியிருந்தார். முதல் இருவரும் தின்று தீர்த்த பிறகும் உலகம் கொஞ்சம் மிச்சமிருக்குமாம். மூன்றாமவன் எதையும் தொடாமல் மேசையில் உட்கார்ந்திருப்பானாம். அவன் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க ஊர்ச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக அடங்கிவிடுமாம்.

கவிதையில் குறையில்லை, பதிவில்தான் குறை. வாசிப்பு முடிந்ததும் எல்லோரும் அசையாமல் இருந்து, அந்த அறையின் வெறும் அமைதியைக் கொஞ்சநேரம் பதிவு செய்ய வேண்டும். ரூம் டோன் என்பார்கள். இருமலை வெட்டினால் விழும் பள்ளத்தில் அந்த அமைதியைப் போட்டு நிரப்பினால்தான் வெட்டிய இடம் காதுக்குத் தெரியாது. ஸ்டூடியோக்காரர்கள் அதை எடுக்க மறந்திருந்தார்கள். வேறொரு அறையின் அமைதியை வைத்து ஒட்டுப்போடுவதாக அவள் சொன்னபோது கவிஞர் கொஞ்சம் தயங்கினார்.

"எந்த வீட்டு அமைதிம்மா?"

"எங்க வீட்டுதுதான் ஐயா. யாருக்கும் தெரியாது."

"சண்டை போட்ட வீடா இருந்தா வேண்டாம். முதல் ரெண்டு பேருக்கும் சத்தம் உண்டும்மா. மூணாமவனுக்குக் கிடையாது, அதனாலதான் உலகம் இன்னும் கொஞ்சம் ஓடுது. அவனுக்குப் போயி நீ சத்தம் குடுத்துடாத."

கவிஞர்களுக்கு எல்லாமே கவிதைதான் என்று அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

மதியம் சாப்பாடு முடிந்து, மகள் மாத்திரை போட்டுத் தூங்கிய பிறகு, கையடக்க ரெக்கார்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஓடவிட்டாள். அவனிடம் 'பேசாதீங்க' என்று சொல்லவே தேவையிருக்கவில்லை. பதிவு முடியும் நேரத்தில் அவன் பென்சிலைக் கீழே வைத்துத் தொண்டையைச் செருமினான். அவளுக்கு அந்தச் செருமல் அத்துப்படி. சண்டைக்குப் பிறகு சமாதானம் பேச வரும்போதெல்லாம் முதலில் அதுதான் வரும், பிறகுதான் வார்த்தை. அவள் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கேட்காதவள் போல உள்ளே போனாள். பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ரெக்கார்டரைத் திரும்ப மேசையில் வைத்தபோதும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பதிவின் ஒலியை முழுக்க உயர்த்திக் கேட்டால் வீடே உள்ளே இருந்தது. ஃபிரிட்ஜ், கடிகாரம், குழாய், செருமல், எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிதாக இன்னும் ஏதோ. ஒரு சத்தத்தின் துளியை மென்பொருளுக்குக் காட்டிவிட்டால் போதும், அதைப் போன்றது எங்கிருந்தாலும் துடைத்துவிடும். முதலில் ஃபிரிட்ஜைத் துடைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தது அதன் பிறகுதான்.

திரும்பி வந்து உட்கார்ந்து கடிகாரத்தைத் துடைத்தாள்.

மகளுக்கு மருந்து கொடுக்கும் நேரமாயிற்றா என்று பார்க்கக் கூடத்துக்கு வந்தபோது சின்ன முள் பெரிய முள் எல்லாம் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்தன. நாற்காலி போட்டு ஏறி, காதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக் கேட்டாள். டிக் இல்லை. கன்னத்தில் மட்டும் கண்ணாடி ஒவ்வொரு நொடிக்கும் லேசாகத் துடித்தது. ஹெட்ஃபோனை அதிகநேரம் மாட்டியிருந்தால் காது இப்படி ஏமாற்றும், அவளுக்கே நடந்திருக்கிறது.

இறங்கும்போது சாப்பாட்டு மேசையைப் பார்த்தாள். வீட்டில் மூன்று பேர்தான், ஆனால் மேசையை நாலு நாற்காலியோடுதான் விற்றார்கள். நாலாவதில் எப்போதும் மடித்த துணி குவிந்திருக்கும். துணியெல்லாம் இப்போது தரையில் ஓரமாக அடுக்கியிருந்தது. நாற்காலி, யாரோ உட்காரப் போவதற்காக இழுத்ததுபோல, மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. அவன் வேலைதான். கேட்டால் பேசியாக வேண்டும். உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

குழாயைத் துடைத்தாள். இந்தமுறை துடைத்த கையோடு எழுந்து குளியலறைக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று தெரிந்தே போனாள்.

சொட்டு திரண்டது. நீண்டது. விழுந்தது. வாளித் தண்ணீரில் வட்டம் விரிந்தது. சத்தம் இல்லை. விரலால் வாளியைத் தட்டினாள், டங்கென்று கேட்டது. அடுத்த சொட்டு விழுந்தது. சத்தம் இல்லை.

அவனிடம் சொல்ல வேண்டும் என்று கூடத்துக்கு ஓடிவந்தாள், நிஜமாகவே ஓடிவந்தாள். அவன் முதுகு அப்படியே இருந்தது. பென்சில் காகிதத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. மழையில் நின்ற குழந்தையை மறந்துவிட்டுப் போட்ட அதே வரைபடம். இப்போதும் திரும்பவில்லை பார். அந்தப் பழைய சுகம் நெஞ்சுக்குள் மெல்ல ஏறிவந்து உட்கார்ந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் அறைக்குத் திரும்பினாள்.

திரையில் செருமல் ஒரு குட்டி மேடாக நின்றது. அதைத் துடைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று பிறகு எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும், அந்த நொடியில் தெரியும். 'இல்லைன்னே நினைச்சுக்கோன்னு சொன்னீங்கல்ல' என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே விசையை அழுத்தினாள். மேடு தரைமட்டமானது.

இன்னும் ஏதோ மிச்சமிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஏறி இறங்கும் ஒரு மெல்லிய இழை. ஜன்னல் இடுக்குக் காற்று. கை பழக்கத்தில் அதையும் காட்டி, அதையும் துடைத்து, கவிதையின் பள்ளங்களிலெல்லாம் நிரப்பி, சேமித்து, பதிப்பகத்துக்கு அனுப்பியும் முடித்தாள். கம்ப்யூட்டரில் இருந்த பழைய பதிவையும் வழக்கம்போல அழித்துவிட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டாள். *உட்கார இடம் கொடுத்தோம்* என்பதற்குப் பிறகு வந்த அமைதி, அவள் இதுவரை செய்ததிலேயே சுத்தமான அமைதி. கிணற்றடிபோலச் சில்லிட்டிருந்தது.

ஜன்னல் இடுக்குக் காற்று.

ஜன்னலெல்லாம் காலையிலேயே சாத்தியாயிற்று. குழந்தைக்குக் காற்று ஆகாதென்று அவளேதான் சாத்தினாள்.

ஏறி, இறங்கி, நுனியில் மெல்லிய விசில்.

"குட்டிம்மா!"

கத்தியது அவளுக்கே கேட்டது. ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்க ஓடினாள். கூடத்தில் கணவன் எழுந்து நின்றிருந்தான். ஒரு கை தொண்டையில். வாய் திறந்து மூடியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்துகிறான். உதட்டில் அவள் பட்டப்பெயர் தெரிந்தது. மறுபடியும் அதே பெயர். எத்தனை நேரமாகக் கூப்பிடுகிறானோ.

படுக்கையறை. கட்டில்.

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. இமைத்தது. அம்மா என்று உதடு அசைந்தது.

மார்பு அசையவில்லை.

அவள் மூக்கின் முன் கையை வைத்தாள். சூடு இல்லை. காற்று இல்லை. ஒன்றுமே இல்லை. குழந்தை அவளையே பார்த்தது. மறுபடி உதடு அசைந்தது. அம்மா.

அசல் இன்னும் ரெக்கார்டரில் இருக்கிறது. இருக்க வேண்டும். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு மேசைக்கு ஓடினாள். அவன் பின்னாலேயே வந்தான். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் போடவில்லை. உட்கார்ந்து ஹெட்ஃபோனைச் செருகினாள். ரெக்கார்டர் திரையில் ஒலிக்கோடுகள் படுத்துக் கிடந்தன.

"என்னங்க... என்னை மன்னிச்சிடுங்க. நான்தான். எல்லாம் நான்தான். ஏதாவது பேசுங்க. ஒரே ஒரு வார்த்தை பேசுங்க."

கோடுகள் அவள் குரலுக்குத் துள்ளின. அவள் நிறுத்தியதும் படுத்தன. அவன் அழுதான், பேசினான், மேசையை ஓங்கிக் குத்தினான். கோடுகள் எழவில்லை. மடியில் குழந்தை குளிர்ந்துகொண்டே வந்தது.

அப்போது கோடு ஒன்று எழுந்தது. மெதுவாக. ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஹெட்ஃபோனைக் காதில் வைத்தாள்.

மூச்சு. நீளமான, நிதானமான மூச்சு. அதன் நுனியில் மெல்லிய விசில். அதற்கு அடியில் ஃபிரிட்ஜின் உறுமல், கடிகாரம், சொட்டு, அவள் துடைத்ததில் ஒன்றுகூடக் குறையாமல். மைக்குக்கு மிக அருகில்.

குழந்தை திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான். அவள் உள்ளே தள்ளிவிட்டிருந்த நாலாவது நாற்காலி மறுபடி வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

ஹெட்ஃபோனுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவளுக்கு அத்துப்படியான செருமல். ஆசையோடு கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது.

செருமலுக்குப் பிறகு எப்போதும் வார்த்தை வரும்.