நீள மணி அடிக்கும்வரை

நட்சத்திரம் அசையவில்லை.

சூசையப்பனுக்கு முதலில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. கார்த்திகைக் கூட்டத்தின் பெரிய நட்சத்திரம், தொலைநோக்கியின் வழிகாட்டிக் குழாய்க்குள் அவன் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருந்த சிலந்தி நூல்கள் சந்திக்கும் இடத்தில் நெற்றிப் பொட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. இருபது நிமிடமாக அங்கேயேதான் இருந்தது. சாதாரணமாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவையாவது அது நூலைவிட்டு நழுவப் பார்க்கும். அவனும் பக்கத்திலுள்ள பித்தளைக் குமிழை ஒரு மயிரிழை திருப்பி அதை இழுத்து வந்து உட்கார வைப்பான். இன்றைக்குக் குமிழுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தின் உச்சிமேட்டில், கூரையைத் தள்ளித் திறக்கிற மாதிரி அவனே அடித்த பலகைக் கொட்டகை அது. உள்ளே சிவப்புத் தாள் சுற்றிய ஒரு பல்பு எரிந்தது. ஜனவரிக் குளிரில் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்போல் இருந்தது, பலகையிடுக்கில் ஈரப் பாசி வாடையோடு இயந்திர எண்ணெய் வாடையும் வந்தது. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் இருந்த பக்கம் முழுக்கப் பனிமூட்டம் கம்பளி போர்த்தியிருந்தது. மணி எட்டுகூட ஆகவில்லை.

தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் அவன். இரண்டு வருடம் கண்ணாடி தேய்த்து, பழைய பல்சக்கரங்களைக் கோத்து இந்தத் தொலைநோக்கியைச் செய்திருந்தான். நட்சத்திரம் மேற்கே நகர்கிற அதே வேகத்தில் குழாயையும் ஒரு சின்ன மோட்டார் நகர்த்த வேண்டும். அப்போதுதான் ஒரு மணி நேரம் காமிராவைத் திறந்து வைத்தாலும் பிலிமில் நட்சத்திரம் புள்ளியாக விழும், இல்லாவிட்டால் புழுவாக நெளியும். படங்கள் நெளிந்தே விழ, பிசகு எங்கே என்று தேடி அவன் சக்கரத்தை மாற்றினான், எண்ணெயை மாற்றினான், அச்சை வடக்கே திரும்பத் திரும்பச் சரி பார்த்தான். கடைசியில்தான் தெரிந்தது, பிசகு குழாயில் இல்லை, கரண்டில்.

தோட்டத்துக் கரண்டு பள்ளத்திலுள்ள சொந்த பவர்ஹவுசில் ஓடைத் தண்ணீரிலிருந்து வந்தது. அங்கே வேகத்தைத் தானே சீராக்கும் கருவி கெட்டுப்போய்ப் பல வருடம். தண்ணீர் ஏறினால் கரண்டு ஓடும், இறங்கினால் நடக்கும், மோட்டாரும் கூடவே ஆடும். ஆகவே அங்கே ஒருவர் மீட்டர் முள்ளைப் பார்த்தபடி வால்வுச் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டகைக்கும் பவர்ஹவுசுக்கும் நடுவே பழைய சுழற்று டெலிபோன் ஒன்றைச் சூசையப்பன் இழுத்திருந்தான். ஒரு மணி என்றால் வேகம் கூட்டு, இரண்டு மணி என்றால் குறை, நீளமாக அடித்தால் போதும், கையை எடுக்கலாம். இதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு.

இப்போது சக்கரத்தைப் பிடிப்பவன் ராக்கப்பன், சூசையப்பனின் ஒரே சிநேகிதன். நாளை மறுநாள் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு மலையிலுள்ள வானாராய்ச்சி நிலையத்தில் சூசையப்பனுக்கு இன்டர்வியூ. சொந்தமாகச் செய்த கருவியால் எடுத்த படத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்த வேலை கிடைத்தால் தோட்டத்தை விட்டுப் போய்விடலாம். டிசம்பரில் விழுந்த ஒரே நல்ல படம் கொட்டகை மூலையில் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. இன்னொன்று இதைவிடச் சுத்தமாக எடுத்துவிடு, நான் பிடித்துக்கொள்கிறேன், காலை பஸ்சுக்கு நானும் துணைக்கு வருகிறேன் என்று வற்புறுத்தியவனே ராக்கப்பன்தான். எமர்ஜென்சி வந்த பிறகு பஸ் நேரத்துக்கு வருகிறது, இந்த ஒரு நன்மையாவது நமக்கு உண்டே என்று சிரிக்கவும் செய்தான்.

ராக்கப்பனுக்கு முன்னால் சக்கரத்தைப் பிடித்தவர் பெரியமுத்து. அந்தப் பெயரை இருவரும் வாய்விட்டுச் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது.

போன மாசியில் இதே கொட்டகையில் சூசையப்பனும் ராக்கப்பனும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே பெரியமுத்து பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு விடியற்காலையிலிருந்து வேலை பார்த்த மனுஷன், டெலிபோனில் இன்னும் எவ்வளவு நேரம் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பத்து நிமிடம் என்றான் சூசையப்பன். அப்புறம் நட்சத்திரத்தைப் பார்த்தவன் பார்த்தபடியே இருந்துவிட்டான். பத்து ஒரு மணி நேரமாயிற்று. நீள மணி அடிக்கவே இல்லை. அடிக்காமல் கையை எடுக்கிற ஆள் இல்லை அவர். கண் அசந்த ஒரு நொடியில் கம்பளிச் சட்டையின் வலது கையை இயந்திரத்தின் சுழலும் பெல்ட் இழுத்துக்கொண்டது. ரத்தம் வடிந்தே உயிர் போனது. முழங்கைக்குக் கீழே போன கை கிடைக்கவில்லை. ஓடை கொண்டுபோயிருக்கும் என்றார்கள்.

விசாரணையில் இருவரும் ஒரே மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், குடித்திருந்தார் என்று. கள்ளை மோந்துகூடப் பார்க்காதவர். அவர் மனைவி சாந்தம்மாள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாள். ராக்கப்பனுக்கு அந்த வேலை வந்தது. ஒரே பாவத்தில் கை நனைத்தவர்கள், இனி ஒருவரை ஒருவர் விட முடியாது என்று சூசையப்பன் உறுதியாக நம்பினான். அந்த நம்பிக்கை அவனுக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருந்தது.

நட்சத்திரம் இன்னும் அசையவில்லை. ராக்கப்பன் இத்தனை கைத்திறமை உள்ளவன் இல்லையே என்று நினைத்தபோது சூசையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வார்த்தை பாராட்டிவிடலாமென்று டெலிபோனைச் சுழற்றினான். உடனே எடுத்தார்கள். பேச்சில்லை. தண்ணீர் கொட்டும் இரைச்சல், அதற்குள்ளே பெல்ட்டின் தையல் சக்கரத்தில் மோதும் சத்தம், சளப், சளப். ரிசீவரிலிருந்து பெல்ட்டுக்குப் பூசும் மெழுகின் வாடை வந்தது. டெலிபோனில் வாடை வருமா என்று நினைத்துக்கொண்டே கீழே வைத்தான்.

வெளியே செருப்புச் சத்தம். ராக்கப்பன் மனைவி ராமுத்தாய் முக்காடு போட்டுக்கொண்டு, சாகப்போகிற அரிக்கேன் விளக்கோடு மேடு ஏறி மூச்சு வாங்க நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சாவியை நீட்டினாள்.

"காலைல குடுக்கச் சொன்னாக. பிள்ளைக்குக் காய்ச்சலா இருக்கு, லயத்துல பொழுது அடைஞ்சதுலருந்து வெளிச்சமே இல்லண்ணே. நீங்க போயித் தண்ணியத் தொறந்து விடுறீகளா?"

சூசையப்பனுக்குப் புரியவில்லை. ராக்கப்பன் எங்கே என்று கேட்டான்.

"சாயங்கால பஸ்சுல போயிட்டாகளே. வால்வ அடைச்சுப் பூட்டிட்டுத்தான் போனாக. அவுகளுக்கும் இன்டர்வியூ கடுதாசி வந்துச்சுல்ல. உங்ககிட்டச் சொல்லலியா?"

அவன் மூலைக்குப் போனான். பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். படம் இல்லை. பிலிமும் இல்லை. சக்கரங்களின் கணக்கை அவன் எழுதி வைத்திருந்த நோட்டும் இல்லை. அடியில் விரித்த பேப்பர் மட்டும் கிடந்தது.

இவனை மேட்டில் உட்கார வைத்துவிட்டு, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவன் பஸ் ஏறியிருக்கிறான். கண்ணாடியை மாற்றி மாற்றித் தேய்த்தவன். ஒரே தட்டில் சோறு தின்றவன். அந்த வேலையைவிட, அந்தப் படத்தைவிட, அவன் துணைக்கு வருவதாகச் சொல்லிச் சிரித்த சிரிப்புதான் அதிகமாக வலித்தது. அதே சிரிப்போடுதான் அவன் பெரியமுத்துவைப் பற்றியும் எழுதிக் கொடுத்தான். பக்கத்தில் பேனாவுக்குக் காத்து நின்றவன் சூசையப்பன். அப்போது உறைக்காதது இப்போது உறைத்தது.

ராமுத்தாய் சாவியை நீட்டியபடியே நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க மட்டும் எப்படிண்ணே எரியுது?"

சிவப்புத் தாளுக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஆடவில்லை. மங்கவில்லை. மோட்டார் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது.

ராமுத்தாய் சாவியைக் கீழே போட்டாள். விளக்கையும் போட்டுவிட்டு ஓடினாள். அவள் செருப்புச் சத்தம் பனிமூட்டத்துக்குள் இறங்கிக் காணாமல் போனது.

டெலிபோன் அடித்தது.

எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தான். ஆனாலும் எடுத்தான். தண்ணீர் இரைச்சல். சளப், சளப். மெழுகு வாடை. அதற்கப்பால் களைத்துப்போன ஒரு குரல். கோபம் இல்லாத குரல்.

"எம்புட்டு நேரம்ப்பா இன்னும்?"

போதும்ணே, விட்டுருங்கண்ணே என்று சொல்ல வேண்டும். அவன் வாய் திறக்குமுன் ரிசீவருக்குள் இன்னொரு குரல் பதில் சொன்னது. அவனுடைய குரலே. போன மாசியில் சொன்னது.

"இன்னும் பத்து நிமிஷம்ணே. பிடிச்சுக்கங்க."

"சரிப்பா."

ரிசீவரை வைத்தான். நீள மணி. அதை இப்போதாவது அடித்துவிட வேண்டும். கைப்பிடியைச் சுழற்றினான். சுழன்றது. மணி அடிக்கவில்லை. மறுபடியும் சுழற்றினான். கைப்பிடி லேசாக, எதையும் பற்றாமல் சுழன்றது. சுழற்றிச் சுழற்றித் தோள் வலித்தது. அழுதுகொண்டே சுழற்றினான்.

பிளக்கைப் பிடுங்கினான். பல்பு அணைந்தது. மோட்டார் நின்றது. இருட்டு.

மோட்டார் இல்லாமல் நட்சத்திரம் நூலில் நிற்காது. அரை நிமிடம் தாங்காது. கண்ணைக் குழாயில் வைத்தான். எண்ணினான். பத்து. இருபது. நாற்பது. அறுபது.

நூலின் நடுவிலேயே இருந்தது.

குமிழைத் திருப்பித் தானே அதைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தான். தள்ளிவிட்டால் முடிந்துவிடும். கண்ணை எடுக்காமலே கையை நீட்டினான். குழாயைத் தடவி, பித்தளையைத் தேடி.

குமிழின் மேல் ஒரு கை இருந்தது.

ஈரமாக இருந்தது. ஓடைத் தண்ணீரின் குளிர். விரல்களில் மெழுகுப் பிசுபிசுப்பு. யார் என்று அவன் விரல் தானாகவே மேலே தடவிப் போனது. மணிக்கட்டு. நனைந்த கம்பளி. கிழிந்த விளிம்பு. அதற்குமேல் எதுவும் இல்லை.

குமிழ் ஒரு மயிரிழை திரும்பியது.

நட்சத்திரம் அசையவில்லை.