வடகத்தின் நிழல்

பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கோமளவல்லி வழக்குத் தொடுத்தாள். நிலாக் குடியிருப்பில் எல்லாரும் அப்படித்தான். பால் பொங்குவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். பூமியிலும் நிலவிலும் இதுவரை எழுதப்பட்ட தீர்ப்புகள் எல்லாம் ‘நீதித்திரள்’ என்ற பொது நினைவகத்தில் இருந்தன. யாரும் படிக்கலாம். நீதிப்பொறி அவை அனைத்தையும் ஒரு நொடியில் படித்துவிடும்.

இன்று பால் பொங்கி வழிந்தது. தீர்ப்பு வரவில்லை.

மேல்தளத்துச் சூசைமாணிக்கம் ஒளிக்குழாயின் வாயில் வடகம் காயப்போட்டிருந்தார். அந்தக் குழாய் வழியாக இறங்கும் வெயிலை நம்பித்தான் கீழே அவளுடைய அரைக்கீரைப் பாத்தி இருந்தது. கீரைதான் அவள் பிழைப்பு. நிழல் விழுந்து இலைகள் வெளுத்துவிட்டன. இப்படியே விட்டால் வேரோடு போய்விடும்.

தாழ்வாரத்திலிருந்த நீதி மாடத்துக்கு ஓடினாள். சூசைமாணிக்கம் முன்பே வந்து நின்றிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, சாட்சி சொல்ல வடகத்தையும் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?”

“நீ கீரையக் கூட்டிட்டு வாம்மா. ரெண்டும் கூண்டுல ஏறட்டும்.”

நீதிப்பொறி பேசியது: “தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆனால் நொடியில் வரும் தீர்ப்பைத் தோற்றவர்கள் நம்புவதில்லை, மேல்முறையீடு செய்கிறார்கள். பழைய கோப்புகளிலோ, பல ஆண்டுகள் அலைந்து தோற்றவர்கள்கூட ‘நன்றாக விசாரித்தார்கள்’ என்றிருக்கிறார்கள். ஆகவே இன்றுமுதல் வாய்தா உண்டு. உங்களில் ஒருவர் கேட்டாலும் தீர்ப்பை ஒரு மாதம் தள்ளிவைப்பேன். இருவரும் கேட்காவிட்டால் இப்போதே வாசிப்பேன். பிறகு மேல்முறையீடு கிடையாது.”

“ஒரு மாசமா? கீரை செத்துப்போயிடும்! இப்பவே வாசி.”

“வாசிக்கட்டுமே,” என்றார் சூசைமாணிக்கம், சுவரில் சாய்ந்தபடி. “எனக்கென்ன பயம்?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? நீதித்திரளில் எதையாவது படித்திருப்பாரோ? எந்த ஊரிலாவது, எந்தக் காலத்திலாவது, வடகத்துக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு இருக்குமோ? அவளும் தேடிப் படித்திருக்கலாம். படித்ததில்லை.

பொறி நெடுநேரம் காத்திருந்தது.

“வாய்தா,” என்றாள் மெல்ல.

சூசைமாணிக்கம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

“நல்லவேளம்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நானே கேட்டிருப்பேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆமா, ஒனக்கு நல்ல வக்கீல் யாராச்சும் தெரியுமா?”