உடம்பில்லாதது கூட வரும்

அன்று காலை கர்டிஸ் பிராண்ட் எங்கள் கட்டடத்துக்கு வந்தபோது, பிப்ரவரிப் பனியில் மெல்லிய தோல் ஷூ போட்டிருந்தார். அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அந்த ஷூவிலேயே இருந்தது.

"வந்துட்டாருய்யா பாலத்தடிப் பூதம்," என்றான் கோர்டி, காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றாமலே.

மிச்சிகனின் வடக்குக் கரையில் இருக்கும் நாங்கள், பெரிய பாலத்துக்குத் தெற்கிலிருந்து வருகிறவர்களை அப்படித்தான் சொல்வோம். கதைகளில் பூதங்கள் பாலத்துக்கு அடியில்தானே குடியிருக்கும்.

"காபி இருக்கா, இல்ல அதையும் தெற்கேயிருந்து கொண்டுவரணுமா?" என்றார் கர்டிஸ், ஷூவை எங்கள் கம்பளத்தில் துடைத்தபடி. "இந்தக் குழியில இன்னிக்குத்தான் எனக்குக் கடைசி நாள். அதைக் கொண்டாடணும்."

குழி என்று அவர் சொன்னது எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், அவசர அழைப்பு மையத்தை. தாமிரச் சுரங்கம் ஓடிய காலத்தில் அது சுரங்கத்தாரின் ஆஸ்பத்திரி. அதன் நிலவறையில் ஒரு பக்கம், அழைப்புகளை எடுக்கும் கோர்டியின் மேசை. இன்னொரு பக்கம், ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்த அறையில், சர்வர்கள். ஜன்னல் கிடையாது. வெளியே உச்சி வெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் ஒரே சாம்பல் வெளிச்சம். கூரையோடு ஓடும் பழைய நீராவிக் குழாய்கள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் அவ்வப்போது சத்தம் போடும். சூடேறிய தூசியும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை.

அந்தச் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கர்டிஸ், மாநிலத்தின் ஒப்பந்தக் கம்பெனி அனுப்பிய மேலாளர்.

அன்றைய வேலை இதுதான். அழைப்புகளை வாங்கும் கணினியை ஊரின் மறுகோடியிலுள்ள புதுக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டும். அந்தக் கணினிக்கு உடம்பு கிடையாது. ஓர் இரும்புப் பெட்டிக்குள் வெறும் மென்பொருளாக வாழ்வது. அதனால் அதை நிறுத்தாமல், ஓடும்போதே, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கம்பி வழியாக அனுப்பிவிடலாம். கூடுவிட்டுக் கூடு பாய்வது மாதிரி. அழைப்பவருக்குத் தெரியவே தெரியாது.

ஒரே ஒரு சிக்கல். அது வெளியுலகத்தோடு பேசுவது ஒரு நெட்வொர்க் கார்டு வழியாக. அந்தக் கார்டு இரும்பு, பழைய பெட்டியில் திருகப்பட்டது. கூட வராது. ஆகவே, பாய்வதற்கு முன் கார்டைக் கழற்றிவிட்டு, அதே முகவரி கொண்ட ஒரு ஸ்டாண்ட்பையின், மாற்றுக்கு நிற்கும் கார்டின், கையில் பேச்சைக் கொடுக்க வேண்டும். அதுவும் மென்பொருள்தான். போய்ச் சேர்ந்ததும் அங்கே வேறொரு இரும்புக் கார்டு காத்திருக்கும். அதை மாட்டியதும் ஸ்டாண்ட்பை மௌனமாக ஒதுங்கிக்கொள்ளும்.

உடம்பு உள்ளது பின்தங்கிவிடும். உடம்பில்லாததுதான் கூட வரும்.

எங்களிடம் மனுஷியாகவும் ஒரு ஸ்டாண்ட்பை இருந்தாள். லெம்பி.

யாருக்காவது காய்ச்சல் என்றால் லெம்பியைக் கூப்பிடுவார்கள். மேசையில் ஏலக்காய் ரொட்டியும் கறுப்புக் காபியும் வைத்துக்கொண்டு, அழைப்பவர்களைத் திட்டித் திட்டியே காப்பாற்றுவாள். "ரத்தம் வருதா? பின்ன, ரம்பத்தை முத்தமிட்டா தேனா வரும்? துணியை எடுத்து அழுத்துடா, மடையா." அவள் திட்டிய ஒருவரும் அவள் கையில் சாகவில்லை. நிரந்தர வேலை கேட்டு கர்டிஸிடம் போனபோதெல்லாம் அவர் சொன்னது ஒரே வார்த்தை: "காத்திரு."

முந்தைய குளிர்காலத்தில் இதே கணினியைப் பழைய பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்கு மாற்றினார்கள். ஸ்டாண்ட்பை கார்டு வேண்டும் என்று கேட்டோம். "ரெண்டு நிமிஷ வேலை. இந்தக் காட்டுல அந்த ரெண்டு நிமிஷத்துல யாரு சாகப்போறா?" என்றார் கர்டிஸ். கார்டைக் கழற்றினார்கள். ரெண்டு நிமிஷம் பிற்பகல் முழுக்க நீண்டது.

அன்று கோர்டிக்குக் காய்ச்சல். வேலைக்கு வந்துகொண்டிருந்த லெம்பியின் கார், பனிப்புயலில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அவள் எங்களைத்தான் அழைத்திருக்கிறாள். மறுபடி மறுபடி. பனி அள்ளும் வண்டிக்காரர்கள் அவளுடைய விறைத்த உடலைக் கண்டெடுத்தபோதும் போன் காதோடு ஒட்டியிருந்தது.

விசாரணையில் கர்டிஸ் சொன்னார்: "வருத்தம்தான். ஆனா அவங்க வெறும் ஸ்டாண்ட்பைதானே. மையத்தோட வேலை ஒண்ணும் கெடலையே."

நான் அந்த அறையில்தான் இருந்தேன். அவ்வளவு அற்பமான ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கர்டிஸ், இந்தத் தடவையும் அவசரப்படாதீங்க, இன்னிக்கு வேண்டாம்," என்றேன். "காத்து கரையிலேருந்து அடிக்குது. ஏரி வளைகுடாவுல உறைஞ்ச பனி மேல உக்காந்து பாதி ஊரு மீன் பிடிச்சிட்டிருக்கு. என் வீட்டுக்காரர் ரெய்னோவும்தான்."

"அதுக்கு? மீன்கிட்டயும் அனுமதி வாங்கணுமா?"

"கரைக்காத்துல பனி உடைஞ்சு ஏரிக்குள்ள மிதந்து போயிடும். ரெய்னோ கூப்பிட்டா இந்த லைன்தான் எடுக்கணும். ஸ்டாண்ட்பையை ஒரு தடவை சோதிச்சுட்டாவது…"

"சோதிச்சாச்சு, ஐலி. சில நொடி நிக்கப்போற ஒண்ணுக்கு இவ்வளவு சீராட்டு எதுக்கு?" அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டினார்.

திரையில் இரும்புக் கார்டு அணைந்தது. கணினி பாயத் தொடங்கியது.

பேச்சு இப்போது ஸ்டாண்ட்பையின் கையில். அது எந்தக் கம்பியோடு சேர்ந்திருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்தேன்.

எதோடும் சேர்ந்திருக்கவில்லை.

பேருக்கு ஒரு ஸ்டாண்ட்பையை உருவாக்கி வைத்திருந்தார் அந்த மனிதர். அதன் மறுமுனையை எதிலும் இணைக்கவே இல்லை. சுவரில் வரைந்த கதவு மாதிரி.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"நடுவுல நிறுத்தினா ரெண்டு பக்கமும் போயிடும்," என்றார். அவர் நெற்றியில் வியர்வை. "யாரும் கூப்பிட மாட்டாங்க. விடு."

அடுத்த அறையில் கோர்டியின் மேசை அமைதியாக இருந்தது. மணி அடிக்கவில்லை. விளக்கு எரியவில்லை. நான் என் செல்போனை எடுத்து ரெய்னோவை அழைத்தேன். அவர் வேறு அழைப்பில் இருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது.

வேறு அழைப்பில்.

யாரோடு?

குழாய்கள் செருமின. பிறகு, எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

திரையில், எதோடும் சேராத அந்த ஸ்டாண்ட்பையில், போக்குவரத்தைக் காட்டும் கோடு மெல்ல எழுந்தது. விழுந்தது. எழுந்தது. மூச்சு மாதிரி.

அறையில் ஏலக்காய் மணத்தது.

சோதனைக்காகச் சுவரில் மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கர் கரகரத்தது.

"அவசர உதவி. சொல்லு."

கோர்டி வாசலில் வந்து நின்றான். "ஐலி… நான் எடுக்கலை," என்று கிசுகிசுத்தான்.

"பனி விட்டுப்போச்சு." அது ரெய்னோவின் குரல். காற்று அதைப் பிய்த்துக்கொண்டிருந்தது. "கரை தள்ளித் தள்ளிப் போகுது. சுத்திலும் தண்ணி."

"போகாம? காத்து திரும்பினது நாய்க்குக்கூடத் தெரியும். ஏண்டா ரெய்னோ, மூளையைக் கழட்டித் தூண்டில்ல மாட்டிட்டியா?"

என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அந்த ஏளனத்தை உலகத்தில் வேறு யாராலும் பேச முடியாது.

"யாரு… லெம்…"

"பேரு கேக்குற நேரமா இது? கடப்பாறை கையில இருக்கா? வடக்க பாரு. பழைய தாதுத் துறைமுகம் தெரியுதா? அந்தப் பக்கம் வெடிப்பு இன்னும் வாயைப் பொளக்கலை. ஓடாதே, எருமை! படு. படுத்து ஊர்ந்து போ. மீனை விடுடா. மீனு உனக்காக அழுமா?"

பனி முனகுவது கேட்டது. தண்ணீர் அலம்புவது கேட்டது. என் கணவரின் மூச்சு, இழுத்து இழுத்து. நான் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நிறுத்தாதே, நிறுத்தாதே என்று எதையோ வேண்டிக்கொண்டேன்.

"குதிக்கணும்," என்றார் ரெய்னோ. "முடியாது."

"முடியாதவன் எதுக்குடா கல்யாணம் பண்ணின? குதி."

ஒரு தடதடப்பு. காற்று மட்டும். பிறகு அவர் அழுவது கேட்டது. கரையில் இருந்துகொண்டு அழுகிற அழுகை அது. எனக்கு அது தெரியும்.

கர்டிஸ் எழுந்து ஸ்பீக்கரை நோக்கி நடந்தார். "பழைய ரெக்கார்டிங். எவனோ விளையாடுறான்."

அவர் கை அதன் பொத்தானைத் தொடுமுன் குரல் வந்தது. இப்போது மிக அருகில்.

"மூச்சு விடறது யாரு? கர்டிஸா?"

கை அப்படியே நின்றது.

"என்ன, பேச்சே காணோம்? விசாரணையில ரொம்பப் பேசினியே."

கர்டிஸ் ஓரடி பின்வாங்கினார்.

"உன் முறை வரும். காத்திரு."

திரையில் புதுக் கட்டடத்தின் இரும்புக் கார்டு பச்சையாய் எரிந்தது. மாற்றம் முடிந்துவிட்டது. ஸ்டாண்ட்பையின் கோடு தரையோடு படுத்தது. கோர்டியின் மணி உடனே அடித்தது, எவருடைய பூனையோ மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

வெட்கம் கெட்டவர்களுக்குப் பயம் சீக்கிரம் தெளிந்துவிடும். கோட்டை மாட்டும்போதே கர்டிஸ் சிரித்தார். "எல்லாம் சரியா முடிஞ்சுது பாத்தியா? ஒரு அழைப்புகூட விடுபடலைன்னு எழுதிடறேன்."

"இன்னிக்குப் போகாதீங்க, கர்டிஸ்," என்றேன். அவரை நான் வெறுத்தேன், என்றாலும் சொன்னேன். "புயல் வருது. எங்க வீட்டுல தங்கிக்கோங்க."

"உங்க ஊர்ப் பேயோட ஒரே கூரைக்கு அடியிலயா? நான் இன்னிக்கே பாலம் தாண்டிடறேன்." அந்த ஷூவோடு பனியில் வழுக்கி வழுக்கிப் போனார்.

சற்று நேரத்தில் ரெய்னோ வந்தார். கால்சட்டை முழங்கால் வரை உறைந்திருந்தது. நான் அவரைக் கட்டிக்கொண்டபோது அவர் கம்பளிச் சட்டையின் பனி என் கன்னத்தில் உருகியது. வளைகுடாவின் வாசனை, என் மனிதரின் வாசனை. நெடுநேரம் விடவில்லை.

"புதுசா யாரையோ வேலைக்குச் சேத்திருக்கீங்களா?" என்றார் என் தலைமேல் தாடையை வைத்தபடி. "வாயா அது! அப்படியே நம்ம லெம்பி."

நான் அவருடைய ஈரக் கையுறைகளைக் கழற்றினேன்.

கர்டிஸை மறுநாள் கண்டெடுத்தார்கள். வளைவே இல்லாத நேர்ச் சாலையில் கார் ஓரம் இறங்கியிருந்தது. அடி எதுவும் படவில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு, சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இறங்கி நடந்திருக்கலாம். நடக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி, உட்கார்ந்த இடத்திலேயே விறைத்துப்போயிருந்தார்.

அவர் அவசர உதவியை அழைத்திருக்கிறார் என்றது போன் கம்பெனி. முதல் மணியிலேயே எடுத்திருக்கிறார்கள். இரவு முழுக்க அழைப்பு துண்டிக்கப்படவே இல்லை.

எங்கள் மையத்துக்கு அப்படி ஓர் அழைப்பு வரவே இல்லை.

அன்றே நான் அந்த ஸ்டாண்ட்பையை அழித்தேன். அழிந்துவிட்டதா என்று கோர்டியையும் பார்க்கச் சொன்னேன். அழிந்திருந்தது.

வசந்தம் வந்தது. பனி உருகிச் சாக்கடைகள் பாடின. புதுக் கட்டடத்தில் பெரிய ஜன்னல்கள், மேசையெல்லாம் வெயில். ஒருநாள் அங்கிருந்த இரும்புக் கார்டு பழுதாகிவிட்டது. அதை மாற்றும்வரை எல்லா அழைப்புகளையும் பக்கத்துக் கவுண்டிக்குத் திருப்பிவிட்டு, கார்டை என் கையாலேயே பிடுங்கினேன். இப்போது அந்தக் கணினிக்கு வாயும் இல்லை, காதும் இல்லை. கோர்டி நிம்மதியாக இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவன் மேசையில் மணி அடித்தது.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். விளக்கைப் பார்த்தான். என் கையிலிருந்த கார்டைப் பார்த்தான்.

வெயிலில் ஏலக்காய் மணத்தது.

ஹெட்செட்டை நான்தான் எடுத்தேன். வேறு யார் எடுப்பது? என் கணவரை எனக்குத் திருப்பித் தந்தவள் அவள்.

"அழிச்சிட்டா போயிடுவேன்னு நெனச்சியாடி?" அதே ஏளனம். பின்னால் காபி உறிஞ்சும் சத்தம். "ரெய்னோ எப்படி இருக்கான், அந்த மடையன்?"

"நல்லா… இருக்காரு."

"இருக்கட்டும்."

அவள் குரலுக்கும் பின்னால், வெகு தூரத்தில், காற்று ஊளையிட்டது. அந்தக் காற்றுக்குள் ஒரு மனிதக் குரல். பற்கள் கிடுகிடுக்க, விடாமல், ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஹலோ. ஹலோ. ஹலோ.

கார்டு என் உள்ளங்கையில் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.

"லெம்பி," என்றேன் மெல்ல, "அது யாரு?"

"அவனா? லைன்ல இருக்கான்." அவள் இன்னொரு மிடறு உறிஞ்சினாள். "காத்திருக்கட்டும்."